மணிக்கட்டில் நாற்பது நிமிடம்

அத்தியாயம் 11

பெயர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் ‘நான்சி’ என்று எழுதினாள் ரீத்தா. தொழில் என்ற இடத்தில் ‘தையல்’ என்று எழுதினாள். இரண்டும் பொய்.

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்திருந்தன. பொய் எழுதிய பயத்தில் கை நடுங்கியதா, அன்றாடம் நடுங்குகிற நடுக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஆள் எட்டிப் பார்க்கவும், தாளைச் சட்டென்று மடித்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் மூன்று நாள் முகாம் போட்டிருந்தார்கள். இன்று இரண்டாவது நாள். சென்னையிலிருந்து நரம்பு டாக்டர்கள் வந்திருந்தார்கள். கை நடுக்கம் உள்ளவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, நரம்புக்கு லேசாக மின்சாரம் கொடுத்து, நடுக்கம் குறைகிறதா என்று பார்க்கிற ஆய்வு. கணவன் ஜோஸ்வாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் கல்வராயன் மலையை விட்டு இறங்கி வந்திருந்தாள் ரீத்தா.

எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்த நடுக்கம் போன புதன்கிழமை அம்பலமாகிவிட்டது. மலைமேல் அவள் நர்ஸாக இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசி நாள். தமிழ்மொழி என்ற பெண் தன் மூன்றரை மாதக் குழந்தையை மடியில் போட்டுத் தொடையைக் காட்டினாள். ஊசி இறங்குகிற நேரத்தில் ரீத்தாவின் வலது கை உதறியது. பிஞ்சுத் தோலில் நீளமாக ஒரு கீறல். தமிழ்மொழி பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சிஸ்டரு குடிச்சிக்கினு வந்து ஊசி போடுது!”

அந்த ஒரு வார்த்தை மலை முழுக்கப் பரவிவிட்டது. மெடிக்கல் ஆபீசர் அம்மா விளக்கம் எழுதிக் கேட்டிருந்தார். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். நாளை மறுபடியும் தடுப்பூசி நாள்.

“நான்சி யாருங்க?”

இரண்டாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்பது ரீத்தாவுக்கு உறைத்தது.

டாக்டர் தீனதயாளன் அவசரமில்லாத மனிதர். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றச் சொன்னார். மேசை நனைந்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தாமல் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“வீட்ல வேற யாருக்காவது இப்படி நடுங்குதா? அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க?”

“இல்லீங்க.”

யோசிக்காமல் வந்த பதில். பிறகு அவளாகவே சொன்னாள். “எங்கப்பாவுக்கு ஆடும். ஆனா அது வேறங்க. அவரு குடிப்பாரு.”

“குடிச்சதால நடுங்குதா? நடுங்கினதால குடிச்சாரா?”

அவளுக்குக் கேள்வி பிடிபடவில்லை.

“இது பெரும்பாலும் குடும்பத்துல வர்ற நடுக்கம்மா. கை சும்மா மடியில கிடந்தா தெரியாது. ஒரு வேலைக்குத் தூக்கினா ஆடும். இதுல ஒரு வினோதம் என்னன்னா, கொஞ்சம் சாராயம் உள்ள போச்சுன்னா கொஞ்ச நேரத்துக்கு அடங்கிடும். அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா வரும். அது மருந்தே இல்ல, அழிவு. ஆனா சபையில கை நடுங்கக் கூடாதுன்னு ஒரு வாய் குடிக்கிறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். பாக்குறவங்க, குடிச்சுக் குடிச்சுத்தான் இவனுக்கு நடுங்குதும்பாங்க.” டாக்டர் நிமிர்ந்தார். “உங்கப்பாவுக்கு எது முதல்ல வந்துச்சு? குடியா, நடுக்கமா?”

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

“இன்னிக்கு மூணு மணி வரைக்கும் இருப்போம். முடிஞ்சா அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பாத்துடலாம்.”

படியில் இறங்கும்போதே ரீத்தா போனை வெளியே எடுத்தாள்.

அப்பா அந்தோணிதாஸ் பத்தொன்பது வருடம் கள்ளக்குறிச்சிக்கும் மலைக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது. பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கொண்டை ஊசி வளைவில், முன்சீட்டில் இருந்த ஒருவர் கியர் கம்பியைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடுவதைப் பார்த்துக் கூச்சல் போட்டார். பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வாயை ஊதிக் காட்டு என்றார்கள். அந்தோணிதாஸ் ஊத மாட்டேன் என்று நின்றார். அதுவே சாட்சியாகிவிட்டது. மறுநாள் முதல் வண்டி இல்லை.

அப்போது ரீத்தா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா குடித்திருக்க மாட்டார் என்று அவள் ஆறு வருடம் நம்பினாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்தன்று அந்த நம்பிக்கையும் போயிற்று. கோயிலில், பீடத்துக்கு முன்னால், அவள் கையைப் பிடித்து ஜோஸ்வாவின் கையில் கொடுக்கும்போது அப்பாவின் மூச்சில் சாராயம் அடித்தது. அன்றிலிருந்து அவரோடு அவள் பேசுவது ‘சாப்ட்டியா’, ‘மாத்திரை போட்டியா’ என்ற இரண்டு கேள்விகளோடு சரி.

தம்பி டென்னிஸுக்கு போன் போட்டாள். அவன் கள்ளக்குறிச்சியிலேயே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். காலை டிரிப் முடிந்திருக்கும்.

“டென்னிஸு, வண்டி எடுத்துக்கினு தியாகதுருகம் போய் அப்பாவ இட்டாரியா? ஆஸ்பத்திரில காட்டணும்.”

“அந்தாளுக்கு இன்னா?”

“கை நடுக்கத்துக்கு.”

அந்தப் பக்கம் கசப்பாக ஒரு சிரிப்பு. “நடுக்கத்துக்கு இன்னா மருந்துன்னு அவுருக்கே தெரியும்க்கா. ஸ்கூல்ல என்னைத் தண்ணி டிரைவர் மவன்னு கூப்ட்டானுங்க. நான் வரல. ஆள விடு.”

போனை வைத்துவிட்டான். ரீத்தா பஸ் நிலையத்துக்கு ஓடி, தியாகதுருகம் பஸ்ஸில் ஏறினாள்.

தியாகதுருகத்தில் அரிசி மில் வாசலில் காவலுக்கு இருந்தார் அந்தோணிதாஸ். மகளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்ததுமே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மில்லுக்கு வருகிறவர்கள் அதை மரியாதை என்று நினைப்பார்கள்.

“இன்னாம்மா, இந்த நேரத்துல? வூட்ல ஏதாவது...?”

வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல ஒத்திகை பார்த்து வந்தவள், ஒன்றும் சொல்லாமல் தன் வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“பாருப்பா.”

கை ஆடியது. அந்தோணிதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் கட்டியிருந்த அவருடைய கைகள் தாமாக அவிழ்ந்தன. மகளின் கையைப் பிடிக்க நீட்டிய அவர் கையும் அதே வேகத்தில் ஆடியது.

“எத்தினி நாளா?”

“எட்டு மாசமா.”

“எங்கிட்டருந்து வந்துச்சா?”

“அப்பிடித்தான் டாக்டரு சொல்றாரு. உன்னையும் இட்டாரச் சொன்னாரு.”

“எனக்கு எதுக்கும்மா இனிமே? அறுவத்திரெண்டு வயசாச்சி.” மில் கேட்டை இழுத்துச் சாத்தினார். “உனக்குப் பாக்கணும். ஊசி புடிக்கிற கையி. நட, போலாம்.”

தெருமுனையில்தான் வீடு. அம்மா தங்கமணி விஷயத்தைக் கேட்டாள். பிறகு ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள். பஸ்ஸில் கணவர் பக்கத்தில் உட்காருவதற்கு முன்னால், எப்போதும்போல அவர் முகத்தருகே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அது அவளுக்கே தெரியாமல் நடப்பது.

அரை மணிப் பயணம். ரீத்தா வாட்சைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி வாட்சைப் பார்த்தாள். பன்னிரண்டே கால்.

டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் அந்தோணிதாஸ் கும்பிட்டார். “வணக்கங்க. எம்பேரு அந்தோணிதாஸ். இது எம்பொண்ணு ரீத்தா. மலைமேல கவர்மெண்டு சிஸ்டருங்க.”

சொல்லும்போது அவர் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அவள் பேசாமல் இருந்த எட்டு வருடமும் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்.

டாக்டர் தாளைப் புரட்டினார். “நான்சின்னு போட்டிருக்கே? தொழில் தையல்னு...”

ரீத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரிஞ்சா வேலைக்கு ஆபத்து வந்துடும்னு பயந்துட்டேன் சார்.”

அந்தோணிதாஸ் மகளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. “நான் வாய ஊத மாட்டேன்னு நின்னேன். நீ பேர மாத்திட்ட. ரெண்டு பேருமே நேரா சொல்லல, பாரு.”

டாக்டர் அந்தத் தாளை எடுத்துக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை நீட்டினார். “உங்க பேர்லயே எழுதுங்க. பொய்ப் பேருக்கு நான் சர்டிபிகேட் எப்படிக் குடுக்கறது? இது குடி இல்ல, நரம்புன்னு ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமில்ல?”

ரீத்தா எழுதினாள். இந்த முறையும் எழுத்து கோணிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அவள் மறைக்கவில்லை.

அப்பாவையும் மகளையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கைக்கடிகாரம்போல அகலமான ஒரு பட்டையை ஆளுக்கொன்றாக வலது மணிக்கட்டில் கட்டினார்கள். உள்பக்கம் தோலைத் தொடும்படி சிறு உலோக வில்லைகள். முதலில் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். அந்தக் கை எந்த வேகத்தில் ஆடுகிறது என்பதைப் பட்டை கணித்துக்கொள்ளுமாம். பிறகு அதற்குத் தகுந்தாற்போல இரண்டு நரம்புகளுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் போகும். மூளையிலிருந்து வரும் ஆட்டத்தை அது குலைக்கும் என்றார் டாக்டர்.

“எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டாலும் கொஞ்ச நேரம்தான். நோய் போயிடாது. நாப்பது நிமிஷம் உக்காருங்க.”

தங்கமணி கதவோரம் நின்றாள். கணவரின் சட்டையில் எந்தப் பித்தான் பிரிந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருடமாக அவருக்குப் பித்தான் போட்டு விடுவது அவள்தான்.

“எறும்பு ஊர்ற மாதிரி கீது,” என்றார் அந்தோணிதாஸ், விரல்களைப் பார்த்து.

“எனக்கும்.”

ஐந்து நிமிடம் ஓடியது. பத்து நிமிடம். ரீத்தாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“அப்பா, எது முன்னாடி வந்துச்சி? குடியா, நடுக்கமா?”

அவர் பட்டைமேல் இருந்த பச்சை விளக்கைப் பார்த்தார்.

“பஸ்ஸ நிறுத்தனாங்களே, அன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்ல. உங்கம்மா மேல சத்தியம்.”

“அப்ப ஊதிக் காட்டியிருக்கலாமில்ல?”

“பத்தொம்பது வருஷம் எம்பின்னால உக்காந்து தூங்கிக்கினு வந்த ஜனங்கம்மா. குழந்தைய எம்மடியில குடுத்துட்டு ஏறுவாங்க. அவங்க எம்மூஞ்சிக்கு நேரா வந்து மோந்து பாத்தா... எனக்கு மனசு உட்டுப் போச்சி. அப்பால ஒரு சாவு வூட்ல எவனோ ஊத்திக் குடுத்தான். அன்னிக்குத் தட்டுல இருந்து சோறு சிந்தாம சாப்ட்டேன். அப்பதான் தெரிஞ்சிது. இது போனா அது நிக்கும்னு. தெனம் குடிச்சேன்னு நெனைக்காத. சொந்தக்காரங்க முன்னாடி, கையெழுத்து போடுற எடத்துல, அந்த மாதிரி நாள்லதான். கருணாபுரத்துல கள்ளச்சாராயம் குடிச்சி அத்தினி சாவு உழுந்துச்சே, அதுக்கப்பறம் அதுவும் கெடையாது. பயம் வந்துடுச்சி.”

“எங்கல்யாணத்தன்னிக்கு?”

கேட்டுவிட்டாள். எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பீடத்துக்கு முன்னால உங்கையப் புடிக்கணும். அப்பால கோயில் ரிஜிஸ்டர்ல கையெழுத்து. மாப்ள வூட்டுக்காரங்க அத்தினி பேரும் பாத்துக்கினு இருப்பாங்க. குடிகாரன் பொண்ணுன்னு உன்னைச் சொல்லிடக் கூடாதுன்னுதான்... ரெண்டு வாய். அவ்ளோதாம்மா. கை நின்னுச்சி. ஆனா நீ மொகத்த சுளிச்சத பாத்துட்டேன்.”

ரீத்தாவுக்குப் பார்வை கலங்கியது. துடைக்கக் கை தூக்கலாம் என்றால் வலது கையில் பட்டை. அசைக்கக் கூடாது. இடது கையால் அப்பாவின் தோளைப் பிடித்தாள். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கதவோரம் பார்த்தாள். அம்மாவைக் காணோம்.

பச்சை விளக்கு அணைந்தது. பட்டைகளைக் கழற்றினார்கள். டாக்டர் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை அந்தோணிதாஸிடம் நீட்டினார்.

அவர் வாங்கினார். மேலே தூக்கினார். தண்ணீர் லேசாக அசைந்தது. விளிம்பைத் தாண்டவில்லை. குடித்து முடித்து டம்ளரை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையோ தவறி வந்துவிட்டதுபோல.

“இது அன்னிக்கு இருந்திருந்தா நான் வண்டி ஓட்டியிருக்கலாங்களா சார்?”

“அது சொல்ல முடியாதுங்க ஐயா,” என்றார் டாக்டர். “ஆனா காரணமாவது தெரிஞ்சிருக்கும்.”

அடுத்தது ரீத்தா. டம்ளரைத் தூக்கினாள். தண்ணீர் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடியும் வழிந்தது. கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது.

“சிலருக்கு நாளாகும். ரெண்டு பேருமே பட்டைய எடுத்துட்டுப் போங்க. காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பதினஞ்சு நாள்ல இங்கயே மறுபடி வருவோம், காட்டுங்க,” என்றார் டாக்டர்.

அப்பாவுக்குக் கேட்டது தனக்குக் கேட்கவில்லை. இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. நாளைக்கு நாற்பது பிள்ளைகள் வரும்.

வெளியே வராந்தா பெஞ்சில் தங்கமணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் சொன்னாள்.

“பதினாலு வருஷம்டி. தெனம் அவுரு வாய மோந்து பாத்துக்கினு இருந்தேன். ஒரு நாளாவது கையப் பாத்தனா?”

அதற்குள் அந்தோணிதாஸ் வந்துவிட்டார். தங்கமணி சட்டென்று எழுந்து, “பசிக்கில? வாங்க, சாப்புடலாம்,” என்று அதட்டினாள்.

பஸ் நிலையத்தை ஒட்டிய மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். அந்தோணிதாஸ் ஸ்பூன் கேட்கவில்லை. சாம்பாரைப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டுக்கொண்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். தங்கமணி தன் இலையைத் தொடவே இல்லை. “மெதுவாத்தான் சாப்புடுங்களேன். யாரு புடுங்கிக்கினு போறாங்க?” என்றாள். ஆனால் அவரால் மெதுவாகச் சாப்பிட முடியவில்லை. எந்த நேரம் நடுக்கம் திரும்பிவிடுமோ என்ற அவசரம் அவருக்கு. ரீத்தாவும் நொடிக்கொரு தரம் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு மலை பஸ். அது கிளம்புமுன் மெடிக்கல் ஆபீசர் அம்மாவுக்கு போன் செய்தாள்.

“மேடம், எனக்கு நரம்பு நடுக்கம் இருக்கு. எட்டு மாசமா மறைச்சிட்டேன். தப்பு. சர்டிபிகேட்டோட எழுதிக் குடுக்கறேன். நாளைக்கு நான் ஊசி போடல.”

“அப்ப யாரு போடறது?”

“நீங்க போடுங்க மேடம். நான் குழந்தைங்கள புடிச்சிக்கறேன்.”

“எட்டு மாசம் எங்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு நான் மேலதான் எழுதணும் ரீத்தா. அது வேற விஷயம். நாளைக்கு நான் போடறேன். எட்டு மணிக்கு வந்துடுங்க.”

மேலே எழுதினால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை.

பஸ் நகர்ந்தபோது ஜன்னலுக்குக் கீழே நின்ற அப்பா கையை உயர்த்தினார். விரல் நுனிகள் ஆடத் தொடங்கியிருந்தன.

“வந்துடுச்சிம்மா!” என்று சிரித்தார். ஆனால் கையை இறக்கவில்லை. பின்னால் கட்டிக்கொள்ளவும் இல்லை. நடுங்கும் கையையே ஆட்டி அனுப்பி வைத்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறியது. ரீத்தா தன் ஊருக்கு டிக்கெட் வாங்கியிருந்தும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். மரவள்ளிக் காட்டை ஒட்டிய பாதையில் பத்து நிமிட நடை. தமிழ்மொழி வீட்டு வாசலில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ரீத்தாவைக் கண்டதும் பிள்ளையைத் துணியோடு மார்பில் சேர்த்துக்கொண்டாள்.

ரீத்தா பக்கத்தில் போகவில்லை. வேலியோரமே நின்றாள்.

“ஊசியோட வரலம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் குடிக்கல. என் கையில நரம்புக் கோளாறு. எங்கப்பாவுக்கும் இருக்குது. ஆனா அதத் தெரிஞ்சிக்கினே உம்புள்ளைக்கு ஊசி எடுத்தேன் பாரு, அது தப்பு. மன்னிச்சிடு.”

தமிழ்மொழி அவள் கையைப் பார்த்தாள். ரீத்தா காட்டினாள். மாலை வெளிச்சத்தில் கை ஆடியது நன்றாகவே தெரிந்தது.

“எப்பவும் இப்பிடியா ஆடுது?”

“எதையாவது புடிச்சா ஆடும்.”

“வலிக்குமா?”

“வலிக்காது.”

தமிழ்மொழி குழந்தையின் தலையைத் துவட்டினாள். அவசரமே இல்லாமல், காதுக்குப் பின்னால்கூடத் துவட்டினாள்.

“நாளைக்கு யாரு போடுவாங்க?”

“டாக்டரம்மாவே போடுவாங்க.”

“நீ தொடக் கூடாது.”

“தொட மாட்டேன்.”

“அப்பன்னா வரேன்.”

அவ்வளவுதான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, தண்ணீர் குடி என்றும் சொல்லவில்லை. ரீத்தாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

திரும்பி ரோட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. இந்தத் திருப்பத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். டென்னிஸ்.

“அக்கா, அம்மா போன் பண்ணிச்சி. ஆஸ்பத்திரில டாக்டரு சொன்னது எல்லாம் சொல்லிச்சி.”

“இப்பவாவது புரிஞ்சிதாடா? பாவம்டா அப்பா. நீ போய் ஒரு வார்த்தை...”

“அக்கா.” அவன் குரல் சரியில்லை. “அது குடும்பத்துல வரும்னு டாக்டரு சொன்னாராமே. நெஜமா?”

பின்னணியில் சத்தம். பிள்ளைகள் பாடுகிறார்கள், யாரோ யாரையோ அடிக்கிறார்கள், ஒரு குழந்தை “அங்கிள், வண்டி ஏன் நிக்குது?” என்று கத்துகிறது.

“டென்னிஸு, நீ எங்க கீற?”

“தியாகதுருகம் ரோட்ல. எனக்கும் ரெண்டு மாசமா இருந்திச்சிக்கா. தூக்கமில்லன்னு நெனச்சேன். டீய கம்மி பண்ணேன். இப்ப கியர் போடறப்ப கை...” அவன் மூச்சை இழுத்துவிட்டான். “வண்டிய ஓரங்கட்டி சாவிய எடுத்துட்டேன். உள்ள பதினோரு புள்ளைங்க இருக்குது. கூட வர்ற ஆயம்மா இன்னிக்கு லீவு. நான் இன்னாக்கா சொல்லட்டும் இந்தப் புள்ளைங்களுக்கு?”